நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர்

சென்ற பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்துப் பிள்ளைகளுக்காக விழிஞ்ஞத்தில் நடந்த காரம் போட்டி பலருக்கு நினைவிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் சாலையருகே ஓர் அன்பர் தம் வீட்டு மாடியைத் திறந்துவிட்டிருந்தார். கடற்காற்றில் பவுடர் எல்லாம் பறந்துவிடுகிறது என்று சன்னல்களைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் வியர்க்க வியர்க்க ஆடினார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான இறுதி ஆட்டத்தில் என் மகன் 22-க்கு 6 என்று முன்னிலையில் இருந்தான். 25 எடுத்தால் வெற்றி. வேண்டியது மூன்றே புள்ளிகள். அந்த மூன்று கடைசிவரை வரவேயில்லை. எதிரே அமர்ந்திருந்த பெண், அவனைவிட ஒரு வயது இளையவள், அடுத்த நான்கு போர்டுகளில் 25-ஐத் தொட்டுவிட்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுதாவிட்டால் இந்தப் பாடத்துக்குத் தொடக்கம் இல்லை. "கையில வந்ததை விட்டுட்டியே, கவனம் எங்க போச்சு?" என்று நான் கேட்டதற்கெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை. இரவு படுக்கப் போகும்போதுதான் சொன்னான்: "நான் அடிக்கும்போது பயமே இல்லப்பா. அவ அடிக்கும்போது நான் சும்மா இருக்கணும்ல, அப்பதான் பயம் வந்துச்சு. அந்தப் பயத்தோடதான் என் முறை வந்துச்சு."

வங்கி வேலையாக வடநாட்டில் இருந்த ஆறு ஆண்டுகளில், மாலை நேரங்களில் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நின்று பழகியவன் நான். நன்றாக ஆடினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மகன் சொன்ன அதே சொற்களை, என்னைவிட எவ்வளவோ நன்றாக ஆடிய பெரியவர்களின் வாயிலிருந்து அங்கே கேட்டிருக்கிறேன். காரத்தில் உள்ள இந்தத் துன்பம் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் ஆகிய கோல் விளையாட்டுகளில் பத்து மடங்கு பெரியது. அவற்றை ஆடியவர்கள் அதை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்வது, காரம் ஆடும் பிள்ளைக்கும், மேடையேறிப் பாட்டுப் போட்டியில் தன் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும் உதவும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் எழுதப்பட்ட விதிகள்

ஸ்நூக்கர் இங்கிலாந்தில் பிறந்த விளையாட்டு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது பிறந்தது நம் நாட்டில். 1875-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகளின் விடுதியில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பொழுதுபோகாமல், அப்போது வழக்கிலிருந்த ஒரு பந்தாட்டத்தில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களைக் கேலியாக அழைக்கும் சொல்தான் 'ஸ்நூக்கர்'. எளிய பந்தைத் தவறவிட்ட ஒரு நண்பரை அவர் அப்படி அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பின்னர் அவர் சென்னைப் படைத் தலைவரோடு கோடைக்கு உதகமண்டலம் வந்து தங்கிய நாட்களில், 1882-இல் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. கேரளத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது தாவரவியல் பூங்காவை மட்டும் காட்டாமல் இந்தச் செய்தியையும் சொல்லலாம்.

ஆட்டம் புரிய வேண்டிய அளவுக்கு மட்டும் விதிகளைச் சொல்கிறேன். பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம் கொண்ட பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு பைகள். சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிக்க வேண்டும். அது போய் மற்றப் பந்தைத் தள்ள வேண்டும். ஒரு சிவப்பு, பிறகு ஒரு வண்ணம், மீண்டும் ஒரு சிவப்பு என்று போட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாகப் போட்டால் மொத்தம் 147. பிள்ளைகளிடம் கணக்காகவே கொடுக்கலாம்: 15 முறை 8 எனில் 120, அதோடு 27.

முதலில் தோன்றிய பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். அதில் ஓர் அடிக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவான விதி, காரத்திலும் உள்ளதுதான்: புள்ளி எடுக்கும்வரை முறை உங்களுடையது, தவறிய நொடியில் எதிராளியுடையது.

நாற்காலி

டென்னிஸில் எதிராளி அடித்த பந்தை நீங்கள் ஓடிப்போய்த் திருப்பி அடிக்கலாம். கிரிக்கெட்டில் மட்டையாளர் விளாசும்போது பந்துவீசும் அணி ஓடுகிறது, கூவுகிறது, பந்தை மாற்றிப் போட்டுப் பார்க்கிறது. கோல் விளையாட்டில் எதிராளி ஆடும்போது உங்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுக்கிறார்கள். அவ்வளவே. எழுந்திருக்கக்கூடாது, பேசக்கூடாது, அசைந்து அவர் கண்ணை உறுத்தக்கூடாது. எதிராளி எவ்வளவு நேரம் ஆடுகிறாரோ அவ்வளவு நேரமும் நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பதை நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

1992-இல் நம் நாட்டின் கீத் சேத்தி உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் போட்டியில் ஒரே முறையில் 1276 புள்ளிகள் எடுத்தார். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்த 1276 என்றால் நானூறுக்கும் மேற்பட்ட அடிகள். சேத்தியின் திறமையை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது நாற்காலியில் இருந்தவர் மீதுதான் நினைவு போயிற்று.

நாற்காலி என்ன செய்யும் என்பதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 1985-ஆம் ஆண்டு உலக ஸ்நூக்கர் இறுதியாட்டம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்தது. 35 பிரேம்களில் 18 எடுப்பவர் வெற்றியாளர். அந்நாளில் வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்திருந்த ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டு பிரேம்களையும் எடுத்துவிட்டார். வட அயர்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் டெய்லர் 8-0 என்ற நிலையில் நாற்காலியில் இருந்தார். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றாதவர் உண்டோ? ஆனால் அவர் ஒன்றொன்றாக எடுத்துவந்து 17-17 ஆக்கினார். கடைசிப் பிரேம் மட்டும் 68 நிமிடங்கள் நடந்தது. நான்கு வண்ணப் பந்துகளே மீதி இருந்தபோது டேவிஸ் 62-44 என்று முன்னே இருந்தார். டெய்லர் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு மூன்றையும் போட்டு 62-59 ஆக்கினார். மேசையில் கறுப்பு மட்டும். அதைப் போடுபவர் உலக சாம்பியன். இருவரும் மாறி மாறித் தவறவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியது. டேவிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது, ஓரமாகத் தொட்டு அனுப்ப வேண்டிய பந்து, தவறியது. டெய்லர் போட்டார். இரண்டு நாள் ஆட்டத்தில் அவர் முதன்முதலாக முன்னிலை பெற்றது அந்தக் கடைசிப் பந்தில்தான். பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் அந்த நேரத்தில் தூங்காமல் தொலைக்காட்சி பார்த்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஜிம்மி வைட்டுடையது. ஆறு முறை உலக இறுதிக்கு வந்து ஆறு முறையும் தோற்றவர். 1994-இல், தம் 32-ஆவது பிறந்த நாளன்று, 17-17 என்ற நிலையில் கடைசிப் பிரேமில் 37-24 என்று முன்னே இருந்தவர், தினமும் நூறு முறை போடக்கூடிய ஒரு கறுப்பைத் தவறவிட்டார். போய் நாற்காலியில் அமர்ந்தார். ஸ்டீபன் ஹென்றி எழுந்து வந்து 58 புள்ளிகள் எடுத்து முடித்துவிட்டார். வைட்டின் கை அன்றுவரை செய்யாத எதையும் அந்தக் கறுப்பு கேட்கவில்லை. என் மகனின் மூன்று புள்ளிகளும் அப்படித்தான்.

உடம்பு செய்வதும் கண் செய்வதும்

பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலேறும், உள்ளங்கை வியர்க்கும். ஓடுகிறவனுக்கு இவையெல்லாம் உதவி. மயிரிழை கணக்கில் கோலைத் தள்ள வேண்டியவனுக்கு இவையே பகை. கனடாவின் பில் வெர்பெனியுக் என்பவருக்குப் பிறவியிலேயே கைநடுக்கம். அதை அடக்க அவர் குடித்த பீரின் அளவு ஸ்நூக்கர் உலகில் பெருங்கதையாகிவிட்டது. பின்னர் இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்தார். அதுவும் தடைக்குள் வந்தது. இன்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில், கோல் விளையாட்டுப் போட்டிகளின்போது இந்த மாத்திரைகளுக்குத் தடை உண்டு. ஓட்டப்பந்தயத்தில் பலம் கூட்டும் மருந்துக்குத் தடை; இங்கே படபடப்பைக் குறைக்கும் மருந்துக்குத் தடை. இந்த ஆட்டத்தின் உண்மையான எதிராளி யார் என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது.

மாத்திரையின்றி என்ன செய்யலாம்? விளையாட்டு உளவியலில் 'அமைதிக் கண்' என்று பெயரிடத்தக்க ஒரு கருத்து உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ் அம்மையார் வகுத்தது. அடிப்பதற்குக் கை நகரத் தொடங்கும் முன், கண் கடைசியாக ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் நேரமே அது. 2002-இல் பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களை வைத்து மார்க் வில்லியம்ஸும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். (மூன்று முறை உலக சாம்பியனான ஸ்நூக்கர் வீரரின் பெயரும் மார்க் வில்லியம்ஸ்தான், இவர் வேறு.) தேர்ந்தவர்களின் கண் அதிக நேரம் நிலைத்திருந்தது. பந்து கடினமாக ஆக அந்த நேரமும் நீண்டது. அவசரப்படுத்தினால் அந்த நேரம் குறைந்தது. குறி தவறுவதும் கூடியது. பயந்த பிள்ளை வழக்கத்தைவிட வேகமாக அடிப்பதை நாமே பார்த்திருக்கிறோம். அவனுக்கு அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவே பிடிக்கவில்லை. முடித்துவிட்டு ஓட நினைக்கிறான்.

இன்னொன்று. கோல்ஃப் ஆட்டக்காரர்களை ஆராய்ந்த சியன் பெய்லாக் அம்மையார் குழுவினர், பழகிய கை எவ்வாறு அசைகிறது என்று ஆட்டக்காரரே உற்றுக் கவனிக்கத் தொடங்கினால் ஆட்டம் கெடுகிறது என்று கண்டார்கள். படியிறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், விளங்கும். நாற்காலியில் இருப்பவனுக்குத் தன் கையைப் பற்றி யோசிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. அதுதான் நாற்காலியின் விஷம்.

நம்மவர்கள்

1958-இல் கல்கத்தாவில் நடந்த போட்டியில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வில்சன் ஜோன்ஸ் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டு ஒன்றில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. மைக்கேல் ஃபெரேரா மூன்று முறை வென்றார். இலங்கையின் எம்.ஜே.எம். லஃபீர் 1973-இல் பம்பாயில் அதே பட்டத்தை வென்றபோது, அந்தச் சிறு தீவு முழுதும் கொண்டாடியது.

நம் வாசகர்களுக்கு நெருக்கமானவர் பங்கஜ் அத்வானி. புனேயில் பிறந்து, சிறுவயதைக் குவைத்தில் கழித்து, பெங்களூருக்கு வந்து சேர்ந்த பிள்ளை. ஊர் மாறிய பிள்ளைகளுக்குப் பழைய தோழர்கள் இருப்பதில்லை. அண்ணன் போன இடத்துக்குத் தம்பியும் போவான். அண்ணன் ஸ்ரீ அத்வானி பின்னால் போய்த்தான் பங்கஜும் மேசையைக் கண்டார். அரவிந்த் சவூரிடம் பயின்றார். 2003-இல், 18 வயதில், சீனாவில் உலக ஸ்நூக்கர் பட்டம். 2024 நவம்பரில் தோகாவில் வென்றது அவருடைய 28-ஆவது உலகப் பட்டம். அண்ணன் ஸ்ரீ விளையாட்டு உளவியல் படித்து, தம்பியின் மனப் பயிற்சியைக் கவனித்துக்கொண்டார். கைக்கு ஓர் ஆசான், மனத்துக்கு ஓர் ஆசான் என்று வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏழு முறை உலக சாம்பியனான ரானி ஓ'சல்லிவனும் 2011-இலிருந்து ஸ்டீவ் பீட்டர்ஸ் என்ற மனநல மருத்துவரின் துணையை நாடியவர்தான். நம் வீடுகளில் பிள்ளை "பயமா இருக்கு" என்று சொன்னால், "பயப்படாதே" என்பதோடு நம் வைத்தியம் முடிந்துவிடுகிறது.

2017-இல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் ஸ்நூக்கர் இறுதியில், கர்நாடகத்துக்காக ஆடும் வித்யா பிள்ளை ஹாங்காங்கின் இங் ஆன் யீயோடு மோதினார். 5-5 வரை வந்து, கடைசிப் பிரேமில் தோற்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 நவம்பரில், தோகாவில், வேறோர் அமைப்பு நடத்திய உலகப் போட்டியின் இறுதியில் அதே இங் ஆன் யீயின் எதிரே சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். 2-2. மறுபடியும் கடைசிப் பிரேம். இம்முறை அது சென்னைக்கு வந்தது. அப்போட்டியில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அனுபமா. அவருக்குச் சமமாக வித்யாவின் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உலக இறுதியில் பத்துப் பிரேம்கள் ஆடிச் சமநிலையில் நின்றவர் அவர்.

வீட்டில் செய்து பார்த்தவை

முழு அளவு ஸ்நூக்கர் மேசை வாங்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? வைக்க இடமும் கிடையாது. நகரத்துக் கிளப்புகளுக்கு எல்லோரும் போகவும் முடியாது. 'அங்கே போனால் பிள்ளை கெட்டுவிடும்' என்ற நம் பெற்றோரின் பழைய அச்சமும் முற்றும் போய்விடவில்லை. ஆதலால் நான் காரம் பலகையிலேயே செய்து பார்த்தேன். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியனானது இந்தப் பலகையில்தானே.

முதல் மாற்றம், எதிராளி ஆடும் நேரத்துக்கு ஒரு வேலை கொடுத்தது. 'இப்போது என் முறை வந்தால் எந்தக் காயை அடிப்பேன், அது போனபின் ஸ்ட்ரைக்கரை எங்கே வைப்பேன்' என்று ஒவ்வோர் அடிக்குப் பின்னும் மனத்துக்குள் புதிதாக விடை சொல்ல வேண்டும். காய்கள் நகர நகர விடையும் மாறும். புள்ளிக் கணக்கைப் பார்க்கக்கூடாது. தொடக்கத்தில் மகன் இரண்டு நிமிடத்தில் சலித்துப்போனான். பத்து நாளில் பழகிவிட்டது.

இரண்டாவது, தன் முறை வந்ததும் ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டு, அடிக்க வேண்டிய காயைக் கண் விலகாமல் பார்த்து, மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டே விரலைச் சுண்டுவது. ஸ்நூக்கர் ஆசான்கள் கோலைத் தள்ளியபின்னும் தலையைத் தூக்காதே என்று ஓயாமல் சொல்வார்கள். காரத்துக்கும் அதையே வைத்தோம்: காய் நிற்கும்வரை தலை அசையக்கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தை 0-0 என்று தொடங்காமல், 22-6 என்றே தொடங்கினோம். ஒருநாள் அவனுக்கு 22, எனக்கு 6. மறுநாள் எனக்கு 22, அவனுக்கு 6. முதல் வாரம், 22 யாரிடம் இருந்ததோ அவரே திணறினார்! எனக்கும் கை நடுங்கியது. ஐம்பது வயதில், சொந்த மகனோடு, கூடத்துத் தரையில். அன்றுதான் நான் பொங்கலன்று அவனைத் திட்டியதற்காக வருந்தினேன். அவனிடம் சொல்லவும் செய்தேன்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஸ்நூக்கர் அரங்கில் பார்வையாளர் பேசக்கூடாது, அடிக்கும் நேரம் எழுந்து நடக்கக்கூடாது. நம் போட்டிகளில் அப்பா ஒரு பக்கம் "சைடுல அடி" என்று கத்துகிறார், அம்மா ஒரு பக்கம் முகத்தைச் சுளிக்கிறார். நாற்காலியில் இருக்கும் பிள்ளை பலகையைப் பார்ப்பதா, நம் முகத்தைப் பார்ப்பதா? அடுத்த போட்டியில் பெற்றோரை அறைக்கு வெளியே அமர்த்துவது பற்றிச் சங்கத்தார் யோசிக்கலாம். வெளியே கடற்காற்றாவது கிடைக்கும். நடுவர் காணாத தவற்றைத் தாமே கையுயர்த்திச் சொல்லும் வழக்கமும் ஸ்நூக்கர் ஆட்டக்காரர்களிடம் உண்டு. அதையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் இருவரும் பலகையை எடுத்துவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்தபோது அவள் வரிசையாகக் காய்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகன் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனைக்கு எத்தனைடா?" என்றேன்.

"பேசாதீங்கப்பா. அவ முறை."